நூறு வீதப் பிழை

செவ்வாய்க்கிழமை அரை விலை.
ஸ்காபரோவில் ஏழரைக் காட்சி,
கடைசிக்கு முந்திய வரிசை, ஓரத்து இருக்கை.
வீட்டில் சொன்னது: ‘கோப்புகள் முடியேல்லை, பிந்தும்.’
அது முழுப் பொய்யும் இல்லை.
கோப்புகள் ஒருநாளும் முடிவதில்லை.

முதலில் சப்பாத்து வரும்.
பிறகு மணிக்கூடு. பிறகு பிடரி.
முகம் வருவதற்குள்
பாதிச் சோளப்பொரியைத் தின்றுவிடுவேன்.
எந்தப் பக்கம் திரும்புவான் என்று தெரியும்,
காற்று எங்கிருந்து அடிக்கும் என்றும் தெரியும்.
திரும்பும்போது
கைமயிர் சிலிர்ப்பதைத்தான்
இன்றுவரை நிறுத்த முடியவில்லை.

நண்பன் பர்ஸைத் திறந்து
பிறக்கப்போகும் பிள்ளைக்கு வைத்த பேரைச் சொல்லப் போகிறான்.
ஐயோ, சொல்லாதே.
சொல்லிவிட்டான்.
இனி இடைவேளை மட்டும்தான் அவன்.
(இங்கே இடைவேளை என்று எழுத்து மட்டும் வரும்,
விளக்குப் போடமாட்டார்கள்.
அவனுக்காக எழும்பி நிற்கவும் நேரமில்லை.)

கதாநாயகி பனியில் ஆடுகிறாள்
முதுகில்லாத சட்டையோடு.
வெளியே மைனஸ் பதினெட்டு.
எங்கள் பூட்ஸில் உருகிய உப்புத் தண்ணீர்
இருக்கைகளுக்குக் கீழால் முன்வரிசைக்கு ஓடுகிறது.
‘பிள்ளைக்கு ஒரு ஜாக்கெட் குடுங்கோவன்!’
இருட்டுக்குள் ஒரு குரல்.
பாட்டு முடிந்ததும் அவளை மறந்துவிடுகிறார்கள்;
கடத்தும்போது ஞாபகம் வரும்.
எனக்கு அது கோபம்தான்.
கோபத்தோடுதான் அடுத்த பிடியை அள்ளினேன்.

அடியாட்கள் இருபத்தேழு பேர்.
ஒருவன் விழுந்து முடியும்வரை மற்றவன்
கத்தியை ஆட்டிக்கொண்டு முறைக்காக நிற்கிறான்.
இவ்வளவு ஒழுங்கை
லைசென்ஸ் புதுப்பிக்கும் இடத்திலும் கண்டதில்லை.

பிறகு கார்கள்.

இதற்காகத்தான் வந்தேன், ஒத்துக்கொள்கிறேன்.
பகல் முழுக்கக் காப்புறுதிக் கம்பனியில்
இடிபட்ட கார்களின் படம் பார்க்கிறவள் நான்.
மோர்னிங்சைட் சந்தியில் இடப்பக்கம் திரும்பியவர்,
நேரே வந்தவர், மஞ்சள் விளக்கு.
இரண்டு பேரும் சத்தியம் செய்வார்கள்.
மிஸிஸ் ஒகாஃபோர் தொலைபேசியில் அழுதாள்.
அருளப்பு கத்தினார்.
கடைசியில் நான் ஓர் எண்ணை எழுதவேண்டும்:
இவர் பிழை எழுபத்தைந்து வீதம், அவர் இருபத்தைந்து.
சில நாள் ஐம்பதுக்கு ஐம்பது;
அன்றைக்கு இரண்டு பேரிடமும் ஏச்சு.

திரையில் நாற்பத்தொரு வாகனம்
(விரல் தானாக எண்ணுகிறது),
ஒரு தண்ணீர் லொறி, மேம்பாலத்தில் பாதி,
ஒரு வத்தகப்பழ வண்டில்.
வண்டில்காரன் படிவம் கேட்கவில்லை.
ஒருவருக்கும் கழுத்து நோவில்லை.
பிழை யாருடையது?
மீன்தொட்டிக்குப் பின்னால் சிரிக்கிறானே, அவனுடையது.
நூறு வீதம்.
இவ்வளவு முழுசாக ஒரு பிழையை
ஒரே தலையில் வைத்துக் கொளுத்தலாம் என்று
இரண்டரை மணித்தியாலம் நம்பக் கிடைத்தால்
ஏழு டொலர் அதிகமில்லை.

குண்டு கடைசிச் செக்கனில் நிற்கும்.
நின்றது.
கைதட்டினேன்.

தரிப்பிடம் வெள்ளையாய்க் கிடந்தது.
கண்ணாடியில் ஒரு கையளவு மட்டும் சுரண்டிவிட்டு
அவனைப்போல ஒரே வெட்டாய்ப் பின்னால் எடுத்தேன்.
தடக்.
நெருப்பு வரவில்லை. யாரும் பறக்கவில்லை.
சாம்பல் நிற வான் ஒன்றின் கதவில்
சாப்பாட்டுத் தட்டளவு பள்ளம்.
சுற்றிப் பார்த்தேன்: ஆளில்லை, கமெராவும் இல்லை.
என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

பேனை உறைந்து எழுத மறுத்தது.
கமக்கட்டுக்குள் வைத்துச் சூடாக்கி
பொரிப் பையைக் கிழித்து
பேர், தொலைபேசி, பொலிசி இலக்கம்,
பிழை என்னுடையது, நூறு வீதம்
என்று எழுதி வைப்பருக்கு அடியில் செருகினேன்.

நாளைக்குப் படிவத்தில் கேட்பார்கள்:
சம்பவம் நடந்த இடம்.
நேரம்.
கடிதம் வீட்டு விலாசத்துக்குத்தான் வரும்.