மாற்று உரை

டுலூத்தில் ஜனவரி. ஏரி
பாதி உறைந்தும் பாதி புகைந்தும் கிடக்கிறது.
சமையல் மேசையில் மடிக்கணினி,
ஆறிய காப்பி,
பாடம் நான்கு, படம் ஏழு.
அதன் கீழே ஒரு வெற்றுப் பெட்டி கேட்கிறது:
பார்க்க முடியாதவருக்கு இதை
எப்படிச் சொல்வீர்கள்?

"பாறை" என்று தட்டிவிட்டுத் தூங்கப்போனேன்.

காலையில் மாரென் ஸ்கோக்லண்டின் மின்னஞ்சல்.
பிறவியிலிருந்தே பார்வையில்லை அவளுக்கு.
வார்த்தையில் கஞ்சத்தனம், கேலியில் இல்லை.
"பாறை என்று என் திரைவாசிப்பான் படித்தது. நன்றி.
பாடத்தின் பெயரே பாறைகள்தான்,
ஓரளவு ஊகித்திருந்தேன்."

பதினோரு வருடமாக அதே படம்.
சுட்டியால் வட்டம் போட்டு, போட்டு,
இங்கே பாருங்கள், இது அதன்மேல் ஏறி நிற்கிறது என்று
சொல்லித் தேய்ந்த வாய் என்னுடையது.
திரையை மூடி ஒலியை மட்டும் ஓடவிட்டேன்.
இது. அது. இங்கே. அங்கே.
யாரோ ஒருத்தி
காற்றை விரலால் குத்திக்கொண்டிருந்தாள்.

ஹிப்பிங்கிலிருந்து டேரல் ப்ருசாக்.
இரும்புச் சுரங்கத்தில் இருபத்தெட்டு வருடம் வெடி வைத்து
காதை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.
வரிவரியாய் உருமாறிய பாறைக்கு நைஸ் என்று பெயர்.
நான் நைஸ் என்றேன்,
எந்திரம் வசனத்தில் "அருமை" என்று எழுதியது.
இது கிரானைட். இது அருமை.
அழுத்தம் கூடினால் எல்லாமே அருமையாகிவிடும்.
டேரல் எழுதினார்:
"சுரங்கத்தில் எங்களுக்கு யாரும் இப்படிச் சொன்னதில்லை."
மூன்று இரவு உட்கார்ந்து திருத்தினேன்.
என் இருமலுக்கு எந்திரம் போட்டிருந்த பெயர்: கைதட்டல்.
அதை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.
பிறகு அழித்தேன்.

செயின்ட் க்ளவுடில் சாகல் வர்ஸமே
முதியோர் இல்லத்தில் இரவுப் பணி முடித்து
பேருந்தில், கைப்பேசியில் தேர்வு எழுதுகிறாள்.
பாலத்தடியில் வண்டி நுழைந்தால் இணைப்பு அறுகிறது,
கடிகாரம் அறுவதில்லை.
பத்துக் கேள்வி, பத்து நிமிடம்.
ஆறாவது: இந்த எரிமலைக் குழம்பு உறைந்து எவ்வளவு காலம்?
நூற்றுப் பத்து கோ
என்ற இடத்தில் அவள் நேரம் முடிந்திருந்தது.

கடிகாரத்தை எடுத்துவிட்டேன்.
துறைத்தலைவர் கேட்டார், புத்தகத்தைப் பார்த்து எழுதினால்?
பார்க்கட்டும் என்றேன்.
நானும் பார்த்துத்தான் பாடம் நடத்துகிறேன்.

மறுபடி படம் ஏழு.
மாரென் இன்னொரு வரி அனுப்பியிருந்தாள்:
"அழகெல்லாம் வேண்டாம். எது முதலில் வந்தது,
அது உங்களுக்கு எப்படித் தெரியும், அதைச் சொல்லுங்கள்."

அடியிலிருந்து தொடங்கினேன்.
கரும் சாம்பல் அடுக்கு, முழங்கால் உயரம், வழவழப்பு.
மேலே போகப் போகக் குமிழித் துளைகள்,
ரொட்டியின் உட்புறம்போல;
குழம்பிலிருந்து வாயு தப்பிய வழி.
துளைகள் நின்ற இடத்தில் ஒரு செந்நிறக் கோடு,
விரல் தடிமன்.
அதன்மேல் மறுபடி வழவழப்பு, மறுபடி துளைகள்,
மறுபடி ஒரு

கை நின்றது.
படத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
சிவப்பு, அங்கேயும்.
நடுவில் நான் ஒரே அடுக்கு என்று நினைத்தது
இரண்டு.
ஒன்று உறைந்து, வெயிலும் காற்றும் பட்டுத் துருவேறி,
எத்தனை ஆயிரம் வருடமோ சும்மா கிடந்த பிறகு
வந்திருக்கிறது அடுத்தது.
பதினோரு வருடம், ஆறேழு நூறு மாணவர்கள்,
மூன்று மூன்று என்று எண்ணவைத்திருக்கிறேன்.
கண்ணுள்ள ஒருவர்கூட
ஏன் என்று கேட்கவில்லை,
நான் உட்பட.

எல்லோருக்கும் எழுதினேன்:
பாடம் நான்கு, திருத்தம். அடுக்குகள் நான்கு.
என் தவறு.

டேரல் ஒரு கட்டைவிரல் அனுப்பினார்.
சாகல் இன்னும் விழிக்கவில்லை போலும்.
மாரெனின் பதில் மதியம் வந்தது.

"இப்போது கல் தெரிகிறது.
படம் எட்டில் 'வரைபடம்' என்று இருக்கிறது.
எதன்?"