கூரைக்கு இரண்டு விலை

செந்தூலில் எங்கள் நாலு மாடிக் கட்டடத்துக்கு
நான்தான் பொருளாளர்.
முப்பத்திரண்டு வீடு, பதினொரு வீட்டில் சந்தா பாக்கி,
ஒரு மொட்டைக் கூரை.

மேசையில் இரண்டு தாள்.

தவுக்கே சியூ சொல்கிறார்:
உதிர்வதை மட்டும் சுரண்டு,
தார்ச் சுருளை விரி, நெருப்பால் ஒட்டு,
மேலே சல்லி தூவு.
பதினைந்து வருடம் கூரையை மறந்துவிடலாம்.
அறுபத்தோராயிரம் வெள்ளி.

கோதண்டபாணி சொல்கிறார்:
சுரண்டவே வேண்டாம் அக்கா, கழுவினால் போதும்.
சரக்கு வாளியில் வரும், ரோலரால் இரண்டு பூச்சு,
காய்ந்தால் ரப்பர்.
ஒட்டே இல்லாத இடத்தில்
தண்ணீருக்கு என்ன வேலை?
வெள்ளை நிறம், வெயிலையும் திருப்பி அனுப்பும்.
இருபத்தேழாயிரம்.
எத்தனை வருடம் தாங்கும் என்றால்
சட்டைப் பையில் பேனா தேடுகிறார்.

தடிமனை இருவரும் விரலால்தான் காட்டினார்கள்.
சியூவின் இரண்டு விரலுக்கு நடுவே
ஒரு பிஸ்கட் நுழையும்.
கோதண்டபாணியின் விரல்களுக்கு நடுவே
வெளிச்சம் மட்டும்.

நாலாம் மாடி புவான் ஹஸ்லினாவுக்கு
இரண்டு தாளும் ஒன்றுதான்.
அவர் அலமாரியின் மேல் ஒரு குழந்தைக் குளியல் தொட்டி.
குழந்தை இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறது.
தொட்டி இன்னும் ஓய்வு பெறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏணி ஏறினோம்.
தார் செருப்பைப் பிடித்து இழுத்தது.
தூரத்தில் இரட்டைக் கோபுரம், பக்கத்தில் தண்டவாளம்,
தண்ணீர்த் தொட்டி ஓரம் யாரோ காயப்போட்ட நெத்திலி.
சியூ கத்தியெடுத்து, கேக் வெட்டுவதுபோல்,
சதுரமாக ஒரு துண்டு அறுத்தார்.

மேலே சாம்பல் வண்ணம்: சென்ற நிர்வாகக் குழு.
அடியில் பச்சை: அதற்கும் முந்தியது,
அந்தப் பொருளாளர் ரவாங்குக்குக் குடிபோய்விட்டார்.
பிறகு தார். தாருக்குக் கீழே தார்.
அதில் ஒரு செருப்புத் தடம்,
காய்வதற்குள் நடந்த எவனோ, அவசரக்காரன்.
ஒவ்வொரு குழுவும் முந்தியதைத்
திட்டிக்கொண்டே மூடியிருக்கிறது.

ஆகக் கீழே, சிமெண்டின் மேல்,
தண்ணீர்.
ஆறு நாளாக மழை இல்லை.
விரலை வைத்தேன், வெதுவெதுப்பாக இருந்தது.
எந்த வருடத்து மழை இது?

கோதண்டபாணிதான் முதலில் வாய்திறந்தார், குரல் இறங்கி:
இதுக்கு மேலே என் சரக்கு நிற்காது அக்கா.
வெயில் ஏறினால் உள்ளே ஆவி,
அப்பளமாக உப்பிவிடும்.
சியூ தலையாட்டினார்.
அறுபத்தோராயிரத்துக்கும் அதே அப்பளம்.

அப்போது மூலையில், யாரும் கேட்காமலே,
சியூவின் ஆள் ஷொஹாக்
வடிகால் வாய்க்குள் முழங்கை வரை கையை விட்டான்.
இலை. சேறு. ஓர் இறகுப்பந்து.
இன்னொன்று.
ஒன்பது எண்ணினோம்.
குழாய் ஒருமுறை விக்கி,
பிறகு நாலு மாடியும் இறங்கி
நீளமாக மூச்சு விட்டது.

பந்துத் தக்கையில் ஊதா மையில் ‘யு’ என்று இருந்தது.
மொட்டைக் கூரைக்குச் சாவி ஒன்றுதான்.
அது தொங்குவது என் வீட்டு ஆணியில்.
என் மகன் பெயர் யுகேந்திரன்.

புதன்கிழமைக் கூட்டம்.
ஈரம் ஊறிய பகுதியை வெட்டி எடுப்பது,
இரண்டு வாரம் காயவிடுவது,
நடுவில் சியூவின் சுருள்,
விளிம்புக்கும் குழாய்க் கழுத்துக்கும்
சுருள் வளையாத சந்துகளுக்கும் கோதண்டபாணியின் வாளி.
இரண்டு பேரும் புது விலை தருவார்கள்.
நாலு மணிக்கு மழை கொட்டும் ஊரில்
இரண்டு வாரம் காயவிடுவதாம்.
எல்லாரும் சிரித்தார்கள், ஹஸ்லினா தவிர.

கடைசியாக ‘இதர விவகாரங்கள்’.
யாராவது பேச வேண்டுமா என்றார் தலைவர்.
வெளியே கறுத்துக்கொண்டு வந்தது.
தொட்டியைக் காலி செய்யணும் என்று
ஹஸ்லினா எழுந்தார்.

கொஞ்சம் இருங்கள் என்று
சாவியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.