படுக்கை எண்ணிக்கை

குழுவில் யாரும் வீடு என்று சொல்வதில்லை,
படுக்கை என்கிறார்கள்.
படுக்கை ஒன்றுக்கு இத்தனை ராண்ட்.
நானூறு படுக்கை, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது,
வெஸ்ட்வில் குன்றின் சரிவில்.

அந்தச் சரிவை ஒன்பது தடவை ஏறி இறங்கிவிட்டேன்.
செம்மண். மழைக்கு இளகும்.
வெயில் இங்கே வடக்கிலிருந்து வரும்.
தலைவைக்க வடக்கு வேண்டவே வேண்டாம் என்று
அம்மா கட்டிலைத் திருப்பிப் போட்ட
சாட்ஸ்வொர்த் வீட்டில் வளர்ந்தவள்
இருநூறு ஜன்னலை வடக்கே திறந்து வைக்கிறேன்.
குளிர்காலத்தில் ஹீட்டர் செலவு மிச்சம்.
அம்மாவிடம் சொல்லவில்லை.

பழைய விடுதியை அளக்கப் போன நாளில்தான்
தெம்பேகாவைப் பார்த்தேன்.
வேதியியல், முதுகலை இரண்டாம் வருடம்.
ஒருவர் அறையில் இருவராக இருக்கிறாள்.
டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டது
பதிவேட்டில் இல்லாத ஒரு கை,
ஒன்றரை வயது, ஜாம் ஒட்டியது.
விட மறுத்தது.
இரண்டு மீட்டர் எழுபது என்று எழுதிக்கொண்டேன்.

வார்டன் சுற்றி வரும் செவ்வாய் இரவுகளில்
குழந்தையைத் துவைக்கும் அறைக்குத் தூக்கிப்போய்
மூன்று மெஷினையும் வெறுமனே ஓடவிடுவார்களாம்,
அழுகை வெளியே கேட்காமலிருக்க.
அந்த மாடியில் நான்கு பேருக்கு இது தெரியும்.
இப்போது எனக்கும்.

செவ்வாய்க்கிழமை மட்டும் தண்ணீர் ஏன் ஏறுகிறது?
நிதிப் பிரிவின் டெரோஷன் கவெண்டர்
மீட்டர் தாளை மேசையில் தள்ளினார்.
எங்கோ கசிவு, என்றேன்.
முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

அன்றிரவு ஒவ்வொரு மூன்றாவது அறையிலும்
சுவரைக் கொஞ்சம் வெளியே தள்ளினேன்.
ஒன்று இருபது நீளம், அறுபது அகலம்.
தொட்டில் என்று எழுதினால் படுக்கையாகிவிடும்,
படுக்கையானால் செலவாகிவிடும்.
பெட்டி வைக்கும் இடம் என்று எழுதினேன்.
கரண்ட் போய், லேப்டாப் வெளிச்சத்தில்
நூற்று முப்பத்து மூன்று இடத்துக்கும்
சின்ன ஜன்னல் வைத்தேன்.

கவெண்டரின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.
பெட்டிக்கு எதற்கு ஜன்னல்?
புழுக்கம், என்றேன். பூஞ்சை பிடிக்கும். டர்பன் அல்லவா.
பச்சைப் பேனாவின் மூடியைக் கடித்தார்.
மூன்றாம் மாடிக் குளியலறை ஓடுகளை அடித்தார்.
சைக்கிள் கொட்டகையை அடித்தார்,
முகப்புத் தோட்டத்தையும்.
பிறகு தாளை என் பக்கம் திருப்பி
அந்தச் சின்ன ஜன்னல்களுக்குக் கம்பி போடு,
நெருக்கமாகப் போடு, என்றார்.
இந்தக் குன்றில் குரங்குகள்
கையை உள்ளே விடும்.