பதினேழாவது கேள்வி

முப்பத்திரண்டு கேள்வி, ஐந்து கட்டம்,
எப்போதும் என்பதிலிருந்து ஒருபோதுமில்லை வரை.
ஆங்கிலத்தில் பிறந்த படிவம்.
மணிலாப் பக்கத்து ஆட்களுக்கு அதைப் பெயர்த்தவள் மரிசெல்,
ரியாத்தில் நாலு வருஷம் எனக்கு எதிர்க்கட்டில்,
ஒரே குக்கரில் அவள் சோறும் என் சோறும்.
இப்போது நெல்லைக்கு நான்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, பெண்கள் அறுவைப் பிரிவு.

"செவிலியர் உங்களை நன்கு கவனித்தாரா?"
பதினேழாவதை அப்படித்தான் எழுதினேன்.
மூலத்தைப் பார்க்காத ஒருவர்
திரும்ப ஆங்கிலத்தில் எழுதித் தர வேண்டும், அது விதி.
மேலப்பாளையம் பள்ளி ஆசிரியர் செய்யது மசூது
பச்சை மையில் எழுதித் தந்தார்.
நர்ஸின் கண்ணில் நீங்கள் பட்டீர்களா
என்று வந்திருந்தது.
தப்பில்லை. வார்டில் நூற்றுப்பத்துப் பேர்,
தரையில் பாய் விரித்தவர்களையும் சேர்த்து.
கண்ணில் படுவதே பெரிய காரியம்தான்.

பன்னிரண்டாம் கட்டில், சிவந்திபட்டி பேச்சித்தாய்,
பித்தப்பைக் கல் எடுத்து மூணு நாள்.
கேள்வியை வாசித்தேன்.
குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.
"அவிய எங்க கவனிச்சாவ? நாங்கல்லா கவனிச்சோம்.
ஸ்ட்ரெச்சர் தள்ளுன ஆளுக்கு நூறு,
வாசல்ல நிக்க ஆளுக்கு அம்பது.
நர்ஸம்மா மட்டும் கைநீட்டல, உள்ளதச் சொல்லணும்."

அடித்துவிட்டு அக்கறை என்று போட்டேன்.
குடல்வால் எடுத்த கொக்கிரகுளத்துக்காரி
"அக்கரையா? ஆத்துக்கு அங்கிட்டு ஜங்ஷன்லா இருக்கு" என்று
சிரிக்கப்போய், தையல் இழுத்து, முகம் சுளித்தாள்.
பரிவு மேடையில் பேசுகிற சொல்.
பராமரிப்பு தண்டவாளத்துக்கு.

ராத்திரி இரண்டரைக்கு மரிசெலிடம் புலம்பினேன்.
"அலாகா என்று வைத்தேன் நான்.
குழந்தைக்கும் அதுதான், வளர்க்கிற கோழிக்கும் அதுதான்.
ஒரு கிழவர் கேட்டார், நான் என்ன உன் கோழியா?"
அவள் பின்னால் நிஜமாகவே ஒரு சேவல் கூவியது.
அங்கே விடிந்துகொண்டிருந்தது.

அதுவரை நிரப்பிய நாற்பது படிவத்திலும்
எல்லாக் கேள்விக்கும் எப்போதும்.
ஒருத்திகூட நடுக்கட்டத்தைத் தொடவில்லை.
வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு நானே போய்க் கேட்டால்
வேறென்ன சொல்வார்கள்,
நாளைக்கு ஊசி போடப்போகிற கையிடம்.

மறுநாள் ஊதாக் கட்டம்போட்ட சேலையில் போனேன்.
பேச்சித்தாய்க்கு முதலில் ஆள் தெரியவில்லை.
பேனாவை மூடிவைத்து, சும்மா கேட்டேன்.
"முந்தாநா ராத்திரி பாட்டில் தீந்துபோச்சு.
டியூப்ல ரத்தம் ஏறுது.
எம் மவ கீழ ஒறங்குதா. நான் கூப்பிடலங்கேன்.
கட்டையா ஒரு நர்ஸம்மா இருக்காவல்லா,
பாத்தா அவிய நிக்காவ.
செருப்பக் கழத்திட்டு வந்திருக்காவ,
ஒறங்குதவங்க முழிச்சிரக்கூடாதுன்னு.
நல்லா பாத்துக்கிட்டாவ. வேற என்ன."

நல்லா பாத்துக்கிட்டாவளா?
அப்படியே எழுதிக் கொடுத்தேன் குழுவிடம்.
பேச்சுவழக்கு, சேலத்தில் எடுபடாது என்றார் டாக்டர் குணசிங்.
பேராசிரியை ரூபி மனோரஞ்சிதம்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து
"நன்றாகப் பார்த்துக்கொண்டாரா" என்று திருத்தினார்.
இஸ்திரி போட்டது மாதிரி விறைப்பாக இருந்தது,
ஆனாலும் நம்ம சட்டைதான்.
ஒத்துக்கொண்டேன்.

அந்தச் செருப்புக்கு ஒரு கேள்வி கேட்டேன்:
கூப்பிடாமலே வந்தாரா?
மூலத்தில் இல்லாததைச் சேர்க்க முடியாது என்றார்கள்.
மரிசெலும் அதையேதான் சொன்னாள்,
அவளுக்கும் ஒன்று விட்டுப்போயிருக்கிறதாம்,
என்னவென்று சொல்லவில்லை.

கடைசிப் பக்கத்தில் "பிற குறிப்புகள்" என்று அரை அங்குலம்.
யாரும் அதை நிரப்புவதில்லை.
மூணு அங்குலமாக்கி
ஒருவரிடமும் சொல்லாமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்,
முருகன்குறிச்சியில்,
தாளுக்கு எழுபது பைசா.