இடது பக்கத் தாள்

கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும்.
அதன்மேல் ஒவ்வொரு தாளாக விரித்துப் பார்ப்பது என் வேலை.
திருப்பூர் பனியன் வெட்டுத்துணி
கூழாகி, சட்டத்தில் ஏறி, கயிற்றில் காய்ந்து
தட்டாஞ்சாவடிப் பட்டறையில் என் கைக்கு வரும்போது
பழசை முழுக்க விட்டிருக்காது:
ஒரு நைலான் நூல், பொத்தானின் சில்லு,
கரைய மறுத்த முடிச்சு.
கண்ட இடத்தில் பென்சிலால் வட்டம் போட்டு
இடது பக்கம் தள்ளுவேன்.
இடது பக்கம் என்றால் மறுபடியும் கூழ்.

அமலோர் வர ஆரம்பித்த பிறகு
இடது பக்கம் கிலோக் கணக்கில் போகிறது.
மொபெட், நகக்கண்ணெல்லாம் கறுப்பு;
ஜெனரேட்டர் பார்க்க வந்த மெக்கானிக் என்று
வாட்ச்மேன் பின்பக்கம் அனுப்பிவிட்டார் முதல்நாள்.
நல்ல தாளாக எடுத்துக் காட்டினோம்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
"இதுல ஒண்ணுமே இல்லியே" என்றார்.
வட்டத்தையெல்லாம் அழித்துத் தரட்டுமா என்றேன்.
"ஐயோ, கை வச்சிடாதீங்க."

அழைப்பிதழில் என் பெயரைக் கையால் எழுதியிருந்தார்:
அஞ்சலாட்சி, தாள் பார்ப்பவர்.
காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில்
மூணு நூறு ரூபா, மூணு நூறு ரூபா என்று கூவும்
பனியன் குவியல்களை இடித்துக் கடந்து
தூமா வீதிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறு மணி.

சுவரெங்கும் கறுப்பு.
கறுப்பு என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அடங்காது.
தோசைக்கல் போல ஒன்று. இளகிய தார் போல ஒன்று.
தண்ணீர் கலந்து கலந்து
எறும்பு போன தடமாக மெலிந்தது ஒன்று.
நவம்பர் ஈரத்தில் மூன்று நாள் காயாமல் கிடந்து
ஓரம் மட்டும் பூத்துப்போனது ஒன்று.
ஆள் இல்லை, மரம் இல்லை, படகு இல்லை.
அங்கங்கே
சுண்டைக்காய் அளவு வெள்ளை.

என் வட்டங்கள்.
பென்சில் கோடுவரை வந்து
மை நின்றிருந்தது,
வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர் மாதிரி.
ஒவ்வொன்றின் முன்னும் நின்று வாசித்தேன்:
நைலான். முடிச்சு. முடிச்சு. பொத்தான்.
பக்கத்தில் ஒருவர் நிலா என்றார்.
அவர் மனைவி, தானே புயல் அடித்த ராத்திரி என்றார்.
இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
"நூல்" என்றேன்.
யோசித்துவிட்டு அவர் சொன்னார்:
"அப்படியும் பார்க்கலாம்."

கடைசிச் சுவரில் பெரியது.
மேலிருந்து கீழே ஒற்றைக் கோடு,
இரண்டு இடத்தில் வளைந்து
ஓரிடத்தில் தன்னையே தாண்டி இறங்கும் கோடு.
இப்படி இழுக்க எத்தனை வருஷம் கை பழகியிருக்க வேண்டும் என்று
கூட்டம் அங்கேதான் நின்றது.
மூக்கு படும் தூரத்துக்குப் போனேன்.

தலைமுடி.
தாளுக்குள் கிடக்கிறது.
மை அதைப் பிடித்துக்கொண்டு
முழு நீளமும் ஓடியிருக்கிறது.
மூலையில் மிளகளவு முடிச்சுக்கு வட்டம் போட்ட நான்
இதைப் பார்க்கவில்லை.

பட்டறையில் ஆறு பேர், ஆறு தொப்பி.
தொப்பி போடாத நாளுக்கு ஐம்பது ரூபாய் பிடித்தம்.
பிலோமினாவுக்குச் சுருட்டை.
காசியம்மாளுக்கு நரைத்துவிட்டது.
மீதி நான்கில் ஒன்று என்னுடையது.
கை தானாகக் கொண்டைக்குப் போய்
எப்போதும் செருகியிருக்கும் பென்சிலைத் தேடியது.
ஞாயிற்றுக்கிழமை. பூ இருந்தது.

படத்துக்குக் கீழே சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தார்கள்;
விற்றுவிட்டதாம்.
அமலோர் பின்னால் வந்து நின்று கேட்டார்,
சூபர்வைசரிடம் கேட்பதுபோல:
"சரியா இருக்கா?"
"மூலையில சரி" என்றேன்.

வெளியே கடல் இருட்டாகக் கிடந்தது.
எதனோடும் ஒப்பிடத் தோன்றவில்லை.
எட்டரைக்குப் பிறகு டெம்போ கிடைக்காது.

திங்கட்கிழமை ட்யூப்லைட்
இரண்டு தடவை கண்சிமிட்டிவிட்டு எரிந்தது.
முதல் தாள், நடுவில் முடிச்சு.
வட்டம் போட்டேன்.
வழக்கத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.