வெட்டுப்புள்ளி

நெடுங்கேணி ஆஸ்பத்திரிப் பின்னறை.
மடிக்கணினிக்குள் முன்னூற்றுப் பன்னிரண்டு பேர்:
வயது, கிணற்றின் ஆழம், நீரில் புளோரைட்டு,
இரத்தத்தில் கிரியேற்றினின்.

"அறுபதுக்கு மேல், கீழ் எண்டு இரண்டாய் வெட்டுங்கோ,
அட்டவணை வடிவாய் வரும்."
கொழும்பிலிருந்து பேராசிரியர்.

வெட்டிப் பார்த்தேன்.
ஐம்பத்தொன்பதே முக்கால் வயதுத் தவமலர்
இருபத்திரண்டு வயதுப் பொடியனோடு
ஒரே பெட்டிக்குள் போய் நின்றா.
நாலு மாதம் மூத்த மச்சாள் நாகேஸ்வரி
அடுத்த பெட்டியில்.
இருவரும் அள்ளுவது ஒரே கிணற்றில்.

ஓமந்தையில் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு
அந்தப் பக்கம் இந்தப் பக்கமாய் நின்ற சனம்.
இன்னொரு கோடு நான் கீறவேண்டாம்.

வயதை வயதாகவே விட்டேன்.
நேர்கோடும் பொருந்தவில்லை.
ஒரு வருசத்துக்கு இவ்வளவு என்ற
ஒற்றை எண்ணுக்கு இந்த உடம்புகள் அடங்கவில்லை.
நாற்பது மட்டும் தரவை போலச் சமதரை;
பிறகு அலைகரையாய் மெல்ல ஏறி
ஐம்பத்தைந்தில் அணைக்கட்டாய் நிமிர்கிறது.

அந்த வளைவையும் முழுக்க நம்பேலாது.
சரியாய் அறுபதில் இருபத்தாறு பேர் குவிந்திருக்கிறார்கள்,
அறுபத்தொன்றில் ஒருவருமில்லை.
"சேட்டிபிக்கற் மாத்தளனில விட்டது,
அறுபது எண்டு போடுங்கோ பிள்ளை."

எழுபது தாண்ட
வளைகோட்டின் இருமருங்கும் சாம்பல் நிழல்
வாய்க்கால் உடைத்ததுபோல் அகல்கிறது.
அங்கே ஒன்பது பேர்தான்.

படத்தை அனுப்பினேன்.
உடனே பதில்:
"வலப்பக்கம் ஏன் இவ்வளவு அகலம்?"

நெடுநேரம் இருந்துவிட்டு
"எண்ணிக்கை குறைவு" என்று எழுதினேன்.