பான் மாசிலாமணி

லுப்ளினில் இரவு பதினொன்றே கால்.
பெட்டியின் ஒரு சக்கரம் வழியிலேயே போய்விட்டது.
நொண்டிக்கொண்டு நுழைந்தோம் இருவரும்.

மேசைக்குப் பின்னால் யத்விகா, காதில் பென்சில்.
பாஸ்போர்ட்டை வாங்கி
என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்,
மறுபடி என்னை.
படத்தில் இருப்பவனுக்கு முடி இருந்தது.

குடும்பப் பெயர் என்ற கட்டத்தில்
எங்கள் பாஸ்போர்ட் ஆபீஸ்
என்றைக்கோ அப்பாவைக் குடிவைத்துவிட்டது.
"வருக, பான் மாசிலாமணி" என்றாள்.
பான் என்றால் திருவாளர்.
திருத்தியிருக்கலாம்.
அதற்கு வேண்டிய ஆங்கிலம் அவளிடம் இல்லை,
அதற்கு வேண்டிய தெம்பு என்னிடம் இல்லை.
கையெழுத்து. சாவி அட்டை. முந்நூற்றுப் பதினான்கு.
நகலெடுக்கும் மெஷின் மக்கர்,
பாஸ்போர்ட் காலையில்தான்.

மூன்றரைக்கு அபாய மணி அலறியது.

முற்றத்தில் பனி.
சுருள்கிளிப் மாட்டிய ஒரு அம்மாள்,
செல்லோ பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி ஒருவர்,
ஒற்றைக் காலுறையோடு ஒரு பையன்,
கைலிக்கு மேல் கோட்டு போட்ட நான்.
டார்ச் வெளிச்சத்தில் யத்விகா பதிவேடு படித்தாள்.
கூப்பிட்டவர்கள் "யெஸ்தெம்" என்றார்கள்:
இருக்கிறேன்.

"பான் மாசிலாமணி."
பதில் இல்லை.
பாவம், யாரோ அசந்து தூங்குகிறான் என்று
நானும் சுற்றிலும் பார்த்தேன்.
"பான் மாசிலாமணி!"
மூன்றாவது தடவை அவள் குரல் உடைந்தது.
முகமூடி மாட்டிய இருவர் மாடிக்கு ஓடினார்கள்.

அப்போதுதான் உறைத்தது.

கோர்ட்டு வேலையாகச் சென்னைக்குப் போனாலும்
எழும்பூர் பெஞ்சில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தவர்,
லாட்ஜ் வாசல் மிதிக்காதவர்,
போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆனவர்.
அவரைத் தேடி
இரண்டு போலந்துக்காரர்கள் கதவு தட்டுகிறார்கள்.

கையைத் தூக்கியிருக்க வேண்டும்.
தூக்கவில்லை.
தட்டட்டும் என்றிருந்தது.
இன்னும் கொஞ்சம்.

மூன்றாம் மாடி ஜன்னலில் விளக்கு எரிந்து அணைந்தது.
இறங்கி வந்தவன் உதட்டைப் பிதுக்கினான்.
படுத்த தடம் இருக்கிறது, ஆள் இல்லை.
போலிஷ் தெரியாமலே புரிந்தது.

"யெஸ்தெம்" என்றேன்.
நாக்கு குளிரில் தடித்திருந்தது.
யத்விகா என்ன திட்டினாள் என்று தெரியாது,
நீளமாகத் திட்டினாள்.
திட்டிக்கொண்டே பென்சிலால் ஒரு டிக் போட்டாள்.

இரண்டாம் மாடியில் எவனோ
இஸ்திரிப் பெட்டியில் ரொட்டி சுட்டானாம்.

கிளம்பும்போது பில்லை நீட்டினாள்.
மேலே அவர் பெயர்,
கீழே ஒரே ஒரு கூடுதல் செலவு:
தண்ணீர் பாட்டில், ஒன்று.
தண்ணீரைக் காசு கொடுத்து வாங்கியதற்கு
அவரிடம் நான் வாங்கியிருக்க வேண்டிய ஏச்சை
நினைத்தபடி
அவருக்காகக் கையெழுத்துப் போட்டேன்.